டீசல் காரில் கிளட்சும் ஃப்ளைவீலும் காலத்துக்கு முன்பே தேய்ந்தால்: காரணம் கண்டறிவதும் வாரண்டி கோருவதும்

டீசல் காரின் எஞ்சினை அணைத்தபின், சுழற்சி ஓயும் கடைசி நொடியில் கியர்பாக்ஸ் பக்கமிருந்து "கடகட"வென்று ஓர் இரும்புச் சத்தம் எழுந்தால், டீசல் வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அதை ஒதுக்கிவிடக் கூடாது. ஐம்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டியில் இந்தச் சத்தம் கேட்டால், அநேகமாக, எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் நடுவே சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் தளர ஆரம்பித்திருக்கிறது. சர்வீஸ் சென்டரில் இதைச் சொன்னதும் வரும் முதல் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "கிளட்ச் தேய்மானப் பாகம், வாரண்டியில் வராது." அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. கிளட்ச் தட்டு தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள், ஃப்ளைவீல் அப்படிப்பட்டதன்று. இவ்விரண்டில் முதலில் கெட்டது எது, ஒன்று மற்றொன்றைக் கெடுத்ததா என்பதைச் சான்றோடு பிரித்துக் காட்ட முடிந்தால்தான் வாரண்டிக் கோரிக்கையில் பேச இடம் கிடைக்கும். அந்தச் சான்று கியர்பாக்ஸை இறக்கும் ஒரு மணி நேரத்தில் கண்முன் வந்து, பழைய பாகங்கள் கழிவுக் குவியலுக்குப் போவதோடு மறைந்துவிடும். எனவே அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றையே இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

உள்ளே நடப்பது

நான்கு சிலிண்டர் எஞ்சினில், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட் ஒரு சுற்று முடிப்பதற்குள் இரண்டு முறை எரிபொருள் எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்று கொண்டால், நொடிக்கு ஏறக்குறைய 27 அடிகள் ஷாஃப்டின் மேல் விழுகின்றன. டீசல் எஞ்சினின் அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு நசுக்கப்படுகிறது என்பது) பெரும்பாலும் 15-க்கு 1 முதல் 18-க்கு 1 வரை இருப்பதால், ஒவ்வோர் அடியும் பெட்ரோல் எஞ்சினில் விழுவதைவிடக் கடுமையானது. டர்போ பொருத்திய டீசல் எஞ்சின் தன் முழு டார்க்கையும் (சுழற்றும் விசை) 2,000 சுற்றை ஒட்டியே கொடுத்துவிடுவதால், அடிகளுக்கு இடையிலான இடைவெளி நீளமாகவும் ஒவ்வோர் அடியின் விசை பெரிதாகவும் இருக்கின்றன. ஒரே வார்ப்பாக இருந்த பழைய ஃப்ளைவீல் இந்தத் துடிப்பில் பெரும்பங்கைக் கியர்பாக்ஸுக்குள் அப்படியே அனுப்பிவிடும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் டூயல் மாஸ் ஃப்ளைவீல். ஜெர்மனியின் கிளட்ச் தயாரிப்பாளரான லுக் (LuK) நிறுவனம் 1985-இல் இதைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. இன்று மேனுவல் கியர் உள்ள டீசல் கார்களில் மிகப் பரவலாக இருப்பது இந்த வகையே. இதில் எஞ்சினோடு இணைந்த தட்டு ஒன்று, கிளட்சைத் தாங்கும் தட்டு ஒன்று என இரண்டு தட்டுகள் உள்ளன. இரண்டுக்கும் நடுவில், கிரீஸ் நிறைந்த வளைந்த பள்ளத்துக்குள், வில்போல் வளைந்த நீண்ட ஸ்பிரிங்குகள் இருக்கும். எஞ்சின் பக்கத்துத் துடிப்பை அந்த ஸ்பிரிங்குகள் வாங்கிக்கொள்ள, கியர்பாக்ஸ் பக்கத்துக்கு ஓரளவு சீரான சுழற்சி போய்ச் சேருகிறது.

இந்த அமைப்பில் பலர் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. ஸ்பிரிங்கும் நிறையும் சேர்ந்த எதற்கும், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் அதிர்வு பன்மடங்காகப் பெருகும் ஒத்ததிர்வு நிலை இருக்கும். டூயல் மாஸ் ஃப்ளைவீல் அந்த நிலையை ஐட்லிங் வேகத்துக்கும் கீழே தள்ளி வைக்கிறது. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் அதைத் தொடுவதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும் அணையும்போதும் அதைக் கடந்தே தீர வேண்டும். கெடத் தொடங்கிய ஃப்ளைவீல் முதலில் அந்த இரண்டு தருணங்களில் சத்தம் போடுவது இதனால்தான். பேட்டரி பலவீனமாகி ஸ்டார்ட்டர் மோட்டார் திணறித் திணறிச் சுற்றும் வண்டியில் எஞ்சின் அந்த நிலையிலேயே நீண்ட நேரம் தங்குவதால், ஸ்பிரிங்குகள் ஒவ்வொரு காலையும் தம் எல்லைவரை போய் மோதுகின்றன. கிளட்ச் செலவைத் தவிர்க்க நினைப்பவர் பேட்டரியையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் பலர் சிரிப்பார்கள். ஆனால் இரண்டுக்கும் உள்ள தொடர்பு இப்படி நேரானது.

அறிகுறிகளைப் பிரித்தறிதல்

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சத்தம் கிளட்ச் பெடலை மிதிக்கும்போது வருகிறதா, விடும்போது வருகிறதா என்பது. எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஜன்னலை இறக்கிவிட்டுப் பெடலை மெதுவாக அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் கிரீச்சிடும் அல்லது உறுமும் சத்தம் வந்தால், பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பெடலை விட்ட நிலையில் கேட்டு, அழுத்தியதும் மறையும் சத்தத்துக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: கியர்பாக்ஸின் உள்நுழை ஷாஃப்ட் பேரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது ஃப்ளைவீல் துடிப்பை வாங்கத் தவறியதால் உள்ளே பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசலாம். எஞ்சினை அணைக்கும்போது எழும் கடகடப்பும் இதோடு சேர்ந்தால் சந்தேகம் ஃப்ளைவீல் பக்கம் சாய்கிறது.

கிளட்ச் தட்டு தேய்ந்ததன் அறிகுறி வேறு வகையானது. எஞ்சின் நன்றாகச் சூடான பின், முன்னும் பின்னும் வண்டிகள் இல்லாத சமமான சாலையில் நான்காவது கியரில் 1,500 சுற்றளவில் சீராகப் போய்க்கொண்டிருக்கையில் ஆக்சிலேட்டரை முழுவதும் மிதியுங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி ஏற, வேகம் மட்டும் பின்தங்கி நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. இந்தச் சோதனையை ஓரிரு முறைக்கு மேல் செய்யாதீர்கள். ஒவ்வொரு வழுக்கலும் தட்டை இன்னும் கொஞ்சம் எரிக்கும். மேடு ஏறும்போது எரிந்த வாடை அடிப்பதும், முதல் கியரில் கிளம்பும்போது வண்டி உதறுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும், உதறலுக்கு மட்டும் எண்ணெய்க் கசிவு, ஃப்ளைவீல் குறை, எஞ்சின் மவுண்ட் தளர்வு ஆகியவையும் காரணமாகலாம்.

ஐட்லிங்கில் வண்டி முழுவதும் அதிர்கிறது என்றால், ஃப்ளைவீலைக் குறைசொல்லும் முன் எஞ்சினைப் பார்ப்பது நல்லது. சிலிண்டருக்குள் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களில் ஒன்று மற்றவற்றைவிடக் குறைவாகவோ அதிகமாகவோ தெளித்தாலும் அதே அதிர்வு வரும். ஸ்கேன் கருவியை இணைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் எஞ்சின் கணினி செய்துகொண்டிருக்கும் எரிபொருள் திருத்த அளவைப் பார்த்தால், ஒரு சிலிண்டர் மட்டும் தனித்து விலகி நிற்பது தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் ஃப்ளைவீலை மட்டும் மாற்றினால், பழையதைக் கெடுத்த இன்ஜெக்டர் புதியதையும் கெடுக்கும்.

ஓட்டும் விதமா, பாகத்தின் குறையா

வாரண்டி கேட்கும் முன் நாம் நம்மிடமே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. சரிவில் நிற்கும்போது பிரேக்கைப் பிடிக்காமல் அரைக் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிற்பதும், நெரிசலில் பெடலின் மேல் காலை வைத்தபடியே ஊர்வதும் கிளட்ச் தட்டை எரிக்கும் பழக்கங்கள். இவற்றால் முதலில் அடிபடுவது தட்டும், அதை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டும்தான். வெப்பம் மிதமிஞ்சிப் போனால் ஃப்ளைவீலின் உராய்வு முகத்துக்கும், உள்ளிருக்கும் கிரீஸுக்கும் அது பரவும்.

நேரடியாக ஃப்ளைவீலைக் கெடுக்கும் பழக்கம் வேறு. எரிபொருள் மிச்சம் என்று எண்ணி, 1,100 அல்லது 1,200 சுற்றில் உயர் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரை ஆழ மிதித்து எஞ்சினை முனக வைப்பதுதான் அது. முழு டார்க்கைக் குறைந்த சுற்றில் கேட்கும்போது ஸ்பிரிங்குகள் ஒவ்வோர் அடிக்கும் எல்லைவரை நசுங்குகின்றன. கணினியை மாற்றி எழுதி டார்க்கை உயர்த்திய வண்டியில் இதே நசுக்கல் சாதாரண ஓட்டத்திலேயே நிகழும். அப்படி மாற்றி எழுதிய வண்டிக்கு வாரண்டி கேட்பது வீண் முயற்சி. பல வண்டிகளின் கணினியில் அதன் தடயம் இருக்கும், பழைய மென்பொருளைத் திருப்பி ஏற்றினாலும் அது முற்றிலும் மறைந்துவிடும் என்று நம்ப முடியாது.

ஓட்டுபவருக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களும் உண்டு. கிராங்க் ஷாஃப்டின் பின்புற ஆயில் சீலோ கியர்பாக்ஸின் முன்புற ஆயில் சீலோ கசிந்தால், எண்ணெய் தட்டில் ஊறி வழுக்க வைக்கும். ரிலீஸ் பேரிங்கை இயக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர் முழுமையாகப் பின்வாங்கவில்லை என்றால், யாரும் மிதிக்காமலே கிளட்ச் அரைகுறையாக அழுந்தி நிற்கும். வண்டிக்காரர் எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் தட்டு தேயும். ஃப்ளைவீலின் ஸ்பிரிங் உடைவதும், இரண்டு தட்டுகளுக்கும் நடுவிலுள்ள பேரிங் தளர்வதும் உற்பத்திக் குறையாகவும் இருக்கலாம்.

வண்டியை ஒப்படைக்கும் முன்

சத்தம் தொடங்கிய அன்றே புகாரைப் பதிய வையுங்கள்; அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்க வேண்டாம். வாரண்டிக் காலத்துக்குள் ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் உங்கள் புகாரை எழுதும் தாள்) பதிவான குறை, பழுது பார்ப்பது தள்ளிப்போய் வாரண்டி முடிந்த பிறகும் உங்கள் பக்கம் நிற்கும், வாய்ப்பேச்சு நிற்காது. ஜாப் கார்டில் நோயை எழுதச் சொல்லாதீர்கள், அறிகுறியை எழுதச் சொல்லுங்கள். "கிளட்ச் பிரச்சினை" என்று எழுதினால், தேய்மானப் பாகம் என்ற பெட்டிக்குள் உங்கள் புகாரை நீங்களே போட்டுக் கொடுத்தவர் ஆவீர்கள். "குளிர்ந்த எஞ்சினை அணைக்கும்போது கியர்பாக்ஸ் பக்கமிருந்து உலோகச் சத்தம்; ஐட்லிங்கில் அதிர்வு; கிளட்ச் வழுக்கல் இல்லை" என்று எழுதச் செய்வது எவ்வளவோ மேல். தேதியும் ஓடோமீட்டர் அளவும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்த பின் கையெழுத்திடுங்கள்.

சத்தம் பெரும்பாலும் சர்வீஸ் சென்டர் வாசலில் மாயமாகிவிடும், ஏனென்றால் அங்கே போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடேறியிருக்கும். ஆகவே காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் கைபேசியில் காணொளி எடுத்து வையுங்கள். டேஷ்போர்டின் ஓடோமீட்டரும் வெப்பநிலைக் காட்டியும் முதலில் தெரியட்டும், பிறகு சத்தம் பதிவாகட்டும். முடிந்தால் வண்டியை முந்தின நாள் மாலையே விட்டுவிட்டு, மறுநாள் காலை டெக்னீஷியனோடு சேர்ந்து முதல் ஸ்டார்ட்டைக் கேளுங்கள்.

வாரண்டி நூலில் இரண்டு இடங்களை மட்டும் ஊன்றிப் படித்தால் போதும். ஒன்று, விலக்கப்பட்ட பாகங்களின் பட்டியலில் இருக்கும் சொல். "கிளட்ச் உராய்வுத் தட்டு" என்று இருந்தால் ஃப்ளைவீல் அதில் அடங்காது. "கிளட்ச் பாகங்கள் அனைத்தும்" என்று இருந்தால்கூட, கிராங்க் ஷாஃப்டில் பூட்டப்படும் ஃப்ளைவீல் எஞ்சினைச் சேர்ந்ததா கிளட்சைச் சேர்ந்ததா என்று கேட்க இடமிருக்கிறது. உற்பத்தியாளரின் உதிரிபாகப் பட்டியலில் அது எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று பார்ப்பது அந்த வாதத்துக்கு உதவும். மற்றொன்று, ஒரு பாகத்தின் குறையால் வேறு பாகம் கெட்டால் யார் பொறுப்பு என்று சொல்லும் பகுதி. கசிந்த ஆயில் சீல் வாரண்டிக்குள் வருமானால், அதனால் நாசமான கிளட்ச் தட்டும் வர வேண்டும் என்ற வாதம் இந்தப் பகுதியிலிருந்துதான் பிறக்கிறது.

இன்னும் ஒன்று, பணம் பற்றியது. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவது சிறிய வேலையன்று. திறந்து பார்த்த பின் வாரண்டி மறுக்கப்பட்டால் அந்தக் கூலி யாருடையது என்பதைத் திறப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அதே தாளில், இறக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும், நான் வந்து பார்ப்பேன், பழைய பாகங்களை முடிவு தெரியும்வரை அப்புறப்படுத்தக் கூடாது என்ற மூன்றையும் எழுதிவிடுங்கள்.

கியர்பாக்ஸ் இறங்கிய பின்

இங்கேதான் விஷயம் தீர்மானமாகிறது. என் காரில் இப்படி ஒரு பழுது வந்தபோது, "நீங்கள் அரைக் கிளட்சில் ஓட்டுகிறீர்கள்" என்று சர்வீஸ் ஆலோசகர் வண்டியைத் திறக்கும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இறக்கிய அன்று நேரில் போனேன். கழற்றி வைத்திருந்த தட்டை டெக்னீஷியன் கையில் எடுத்துத் திருப்பிக் காட்டினார்: உராய்வுப் பரப்பு இரண்டு பக்கமும் சீராக, ரிவெட்டுகளின் தலைகளுக்கு மேல் நல்ல உயரத்தில் நின்றது. ஃப்ளைவீலின் முகத்தில் ஒரு நீலப்புள்ளிகூட இல்லை. ஆனால் கிளட்சைத் தாங்கும் அதன் வெளித்தட்டின் விளிம்பை அவர் இரண்டு கைகளாலும் பிடித்து ஆட்டியபோது, ஆடும் பல்லைப் போல அது முன்னும் பின்னும் அசைந்தது. நான் எதையும் வாதாட வேண்டியிருக்கவில்லை. காலிப்பர் அளவோடு படம் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

நீங்கள் பார்க்க வேண்டியவையும் இவையே. புதிய கிளட்ச் தட்டின் மொத்தத் தடிமன் பொதுவாக 8 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அது எவ்வளவு மீந்திருக்கிறது என்பதை வெர்னியர் காலிப்பரில் அளந்து எழுதச் சொல்லுங்கள். ரிவெட் தலைகள் வரை தட்டு தேய்ந்து, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் கூட்டுக்குள் கரும்பொடி அப்பி, ஃப்ளைவீல் முகத்தில் நீலத் திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் இருந்தால், நீண்ட நாள் வழுக்கல் நடந்திருக்கிறது. அந்த நீலம் உலோகம் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் சூட்டைக் கண்டதற்கான அடையாளம். அப்போதும் வழுக்கலுக்குக் காரணம் ஓட்டியவரின் கால்தானா, ஹைட்ராலிக் சிலிண்டரா என்ற கேள்வி மிஞ்சும். சிலிண்டர் தடையின்றிப் பின்வாங்குகிறதா என்று அங்கேயே சோதிக்கச் சொல்லலாம். தட்டு எண்ணெயில் பளபளத்தால், கசிவு எஞ்சின் பக்கத்திலிருந்தா கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்தா என்று குறிக்கச் செய்யுங்கள். தட்டு தடிமனாக இருக்க, ஃப்ளைவீல் மட்டும் தளர்ந்திருந்தால், தேய்மானம் என்ற வாதம் அங்கே எடுபடாது.

ஃப்ளைவீலின் தளர்வை அளப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. வெளித்தட்டைக் கையால் ஒரு திசையில் ஸ்பிரிங் தடுக்கும் வரை திருப்பிக் குறியிட்டு, எதிர்த்திசையிலும் அப்படியே திருப்பிக் குறியிட்டால், இரண்டுக்கும் இடைப்பட்டது சுழல்தளர்வு. ஃப்ளைவீல் விளிம்பில் ஸ்டார்ட்டர் மோட்டார் பற்றும் பற்களின் எண்ணிக்கையாகவும் இதைச் சொல்வது வழக்கம். நுண்ணிய அசைவை அளக்கும் டயல் காட்டியை வைத்துத் தட்டின் விளிம்பை முன்பின்னாக ஆட்டி அளப்பது சாய்வுத்தளர்வு. இரண்டிலும் ஓரளவு தளர்வு புதிய ஃப்ளைவீலிலேயே இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆகவே "ஆடுகிறது, போய்விட்டது" என்று சொல்வதும் தவறு, "இந்த வகை அப்படித்தான் ஆடும்" என்று சொல்வதும் தவறு. ஒவ்வொரு பாக எண்ணுக்கும் உற்பத்தியாளர் தனித்தனி எல்லை தந்திருப்பதால், அளந்த எண்ணையும் அந்த எல்லையையும் அடுத்தடுத்து எழுதி வாங்குவதே சரியான வழி. கிரீஸ் லேசாகக் கசிந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது; வெளியே அள்ளித் தெறித்திருந்தால் உள்ளே பஞ்சம் என்று பொருள்.

மறுப்பு வந்தால்

மறுப்பை எழுத்தில், காரணத்தோடு, அளவுகளோடு கேளுங்கள். வெறுமனே "தேய்மானம்" என்று வந்தால், தட்டின் தடிமனையும் ஃப்ளைவீலின் தளர்வையும் சுட்டி, எந்த அளவின் அடிப்படையில் அந்த முடிவு என்று ஒரே கேள்வியைத் திருப்பிக் கேட்டு, டீலரைத் தாண்டி உற்பத்தியாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அனுப்புங்கள். உங்கள் மாடலுக்கு இதே குறை குறித்துத் தொழில்நுட்பச் சுற்றறிக்கை ஏதேனும் டீலர்களுக்குப் போயிருக்கிறதா என்றும் அதே கடிதத்தில் கேட்கலாம். வாரண்டி முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தால், முழுத்தொகை என்று பிடிவாதம் பிடிக்காமல், நல்லெண்ண அடிப்படையில் பாகத்தின் விலையை அவர்களும் கூலியை நீங்களும் ஏற்கும் பங்கீட்டைக் கேட்பது பல நேரங்களில் பலிக்கும். தவறாமல் செய்த சர்வீஸ் ரசீதுகள் அங்கேதான் கைகொடுக்கும். அதற்கும் மறுத்தால், பாகங்களை வெளியே எடுத்துப்போய் நடுநிலையான ஒரு வாகன மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கிக்கொண்டு நுகர்வோர் குறைதீர்ப்பு வழியில் போகலாம். பழைய பாகம் கையில் இல்லாமல் அந்த வழியில் போவது கடினம்.

புதிய பாகம் ஏறும்போது

கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல் நான்கையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்வது சிக்கனம். பாகத்தின் விலையைவிட இரண்டாம் முறை இறக்கும் கூலி பெரிது. ஃப்ளைவீலைக் கிராங்க் ஷாஃப்டில் பூட்டும் போல்ட்டுகள் ஒருமுறைப் பயன்பாட்டுக்கானவை, புதியவையே போட வேண்டும். டூயல் மாஸ் ஃப்ளைவீலைக் கழுவும் திரவத்தில் அமிழ்த்தக் கூடாது, முகத்தைக் கடைசல் பிடித்துச் சீராக்கவும் கூடாது. கீழே விழுந்த ஒன்றை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், பொருத்த விடாதீர்கள். பின்புற ஆயில் சீலில் ஈரம் தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

ஒற்றை வார்ப்பு ஃப்ளைவீலுக்கு மாற்றித் தரும் செட்டை மெக்கானிக்குகள் சிலர் பரிந்துரைப்பார்கள். பழைய, வாரண்டி கடந்த வண்டியில் அது ஒரு வழிதான். ஆனால் ஸ்பிரிங்குகள் வாங்கிக்கொண்டிருந்த துடிப்பு இனிக் கியர்பாக்ஸுக்குப் போகும் என்பதையும், வாரண்டி மீதமிருக்கும் வண்டியில் அது மீதியையும் கேள்விக்குள்ளாக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

வேலை முடிந்த பில்லில் பாக எண்களும், மாற்றிய பாகத்துக்கான புதிய வாரண்டிக் காலமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டர் வரை திடீர்க் கிளம்பலும் பாரம் இழுப்பதும் வேண்டாம். வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, குளிர்ந்த எஞ்சினை ஒருமுறை ஸ்டார்ட் செய்து அணைத்து, அந்தச் சத்தத்தையும் முன்பு போலவே ஓடோமீட்டரோடு பதிவு செய்து, பில்லோடு சேர்த்து வையுங்கள்.